பசைக்கு வைத்த பரீட்சை

ஒரு கட்டடத்தின் உறுதியைப் பற்றி நாம் கொள்ளும் நம்பிக்கை பெரும்பாலும் கண்ணால் வருவது. கருங்கல் தூணின் பருமனைப் பார்த்து, 'இது தாங்கும்' என்கிறோம். தேக்கு உத்தரத்தின் வைரத்தைப் பார்த்து மனநிறைவு அடைகிறோம். ஆனால், இரண்டு பலகைகளுக்கு இடையே மெல்லிய ஏடு போலப் படிந்து கிடக்கும் பசையின் உறுதியை எந்தக் கண்ணால் பார்ப்பது? பலகைகளைச் சேர்த்து அழுத்திய கணத்திலேயே அது நம் பார்வையினின்றும் மறைந்து விடுகிறது. மறைந்த பொருளின் தலைக்கு மேலே கூரையையும், அந்தக் கூரையின் கீழே மனிதர்களையும் வைக்க வேண்டுமானால், அதன் நேர்மையை அறிவதற்கு ஒரு வழி வேண்டும் அல்லவா? அந்த வழியை மனிதன் எவ்வாறு கண்டான் என்பதே இங்கே நாம் காணப்போகும் வரலாறு.

முதலில் ஒரு கேள்வி. முழு மரம் இருக்கும்போது, பலகைகளை ஒட்டி உத்தரம் செய்வது எதற்காக? மரம் தன் இயல்பான அளவுக்கு மேல் வளராது. நூறு அடி நீளமும் மூன்றடி உயரமும் உள்ள உத்தரத்தை ஒரே மரத்திலிருந்து அறுத்து எடுப்பது அரிது; வில் போல வளைந்த உத்தரத்தை எடுப்பது அதனினும் அரிது. சிறிய பலகைகளோ எளிதாகக் கிடைக்கும். மெல்லியவை ஆதலால் வளைக்கவும் எளியவை. கணுவும் வெடிப்பும் உள்ள பலகைகளை நீக்கி, நல்லவற்றைப் பொறுக்கியும் எடுக்கலாம்.

ஆனால், பலகைகளை அடுக்கி வைத்தால் மட்டும் உத்தரம் ஆகிவிடாது. நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதையும், புத்தகத்தின் ஓரம் சாய்ந்து படிக்கட்டுப் போல ஆவதையும் காண்பீர்கள். தாள்கள் வழுக்குவதால்தான் புத்தகம் எளிதாக வளைகிறது. அவற்றை எல்லாம் பசையிட்டு ஒட்டிவிட்டால் அது அட்டை போல் விறைத்து நிற்கும். பலகைகளுக்கும் இதே கணக்குத்தான். ஒட்டாமல் அடுக்கிய 10 பலகைகளைவிட, வழுக்காதபடி நன்றாக ஒட்டிய 10 பலகைகள் 10 மடங்கு வலிமையும் 100 மடங்கு விறைப்பும் உடையவை. இந்தப் பெரும் வேறுபாடு முழுவதும் பசையின் செயல். பசை விட்டுவிட்டால் அந்த 100 மடங்கும் போய்விடும். ஆகவே, இந்தத் தொழிலில் பசையின் நம்பகமே உயிர்நாடி எனலாம்.

பலகைகளை அடுக்கி வளைவு செய்யும் எண்ணம் புதியதன்று. பிரெஞ்சு இராணுவப் பொறியாளரான எமி என்பவர் 1825-ஆம் ஆண்டிலேயே பலகைகளை வளைத்து அடுக்கி, இரும்புப் போல்ட்டுகளால் இறுக்கிக் கூரை அமைத்தார். ஆனால், போல்ட்டு சில இடங்களில் மட்டும் பிடிக்கும். பசை முழுப் பரப்பையும் பிடிக்கும். இந்த உண்மையைத் தொழிலாக மாற்றியவர் ஜெர்மனியில் வைமர் நகரைச் சேர்ந்த ஒட்டோ ஹெட்சர் என்ற தச்சுத் தொழில் அதிபர். வளைந்த பலகைகளைப் பசையினால் ஒட்டி ஒரே உத்தரமாக ஆக்கும் முறைக்கு 1906-ஆம் ஆண்டில் அவர் காப்புரிமை பெற்றார். ஜெர்மன் காப்புரிமைப் பதிவேட்டில் அதன் எண் 197773. நான்கே ஆண்டுகளில், 1910-இல், பிரஸ்ஸல்ஸ் நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில் ஜெர்மன் இரயில்வே மண்டபத்தின் கூரையை அவருடைய வளைவுகள் தாங்கின. இடையில் தூண் இன்றி அவை தாண்டிய அகலம் 43 மீட்டர்! அடுத்த ஆண்டிலேயே ஹெட்சர் காலமானார். அவருடைய முறையோ நாடு நாடாகப் பரவிற்று. சுவீடன் நாட்டில் தோரெபோடா என்ற ஊரில் 1919-ஆம் ஆண்டில் இதற்கென ஆலை தோன்றியது. ஸ்டாக்ஹோம் மத்திய இரயில் நிலையத்தின் பெரிய மண்டப வளைவுகள் அந்த ஆலையில் 1920-களில் செய்யப்பட்டவையே.

அக்காலத்தில் அவர்கள் பயன்படுத்திய பசை எது தெரியுமா? பாலிலிருந்து எடுத்த பசை! நம் தச்சர்கள் காய்ச்சிப் பயன்படுத்திய வச்சிரம், விலங்கின் தோலையும் எலும்பையும் வேகவைத்து எடுப்பது. அது உலர்ந்த இடத்தில் நன்றாகப் பிடிக்கும். நீர் பட்டால் இளகிவிடும். ஆகையால், வெண்ணெய் எடுத்த பாலைத் திரியச் செய்து, அந்தக் கட்டியை உலர்த்திப் பொடியாக்கி, சுண்ணாம்பும் நீரும் சேர்த்துக் குழைத்த கேசீன் என்னும் பசையை நாடினர். வச்சிரத்தைவிட இது ஈரத்தைச் சற்று அதிகமாகத் தாங்கும். 'சற்று' என்ற இந்தச் சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் வரும் தொல்லைகள் பல இதற்குள் அடங்கியுள்ளன.

இனி, அட்லாண்டிக் கடலைத் தாண்டிச் செல்வோம். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் பெஷ்டிகோ என்ற சிற்றூர் இருக்கிறது. 1871-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் காட்டுத் தீயில் இவ்வூர் எரிந்து சாம்பலாயிற்று. அத்தீயில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஊர் 1934-ஆம் ஆண்டில் தன் பள்ளிக்கூடத்துக்கு ஓர் உடற்பயிற்சி மண்டபம் கட்ட முற்பட்டது. ஜெர்மனியிலிருந்து குடியேறிய மாக்ஸ் ஹானிஷ் என்ற பொறியாளர், பசையிட்ட அடுக்கு மர வளைவுகளால் அதன் கூரையைத் தாங்கலாம் என்றார். மாநிலத்தின் தொழில் ஆணையத்தார் தயங்கினர். 'பாலில் செய்த பசையை நம்பிப் பிள்ளைகளின் தலைக்கு மேல் கூரை போடுவதா? கணக்கு எங்கே? சான்று எங்கே?' என்ற நிலையில் அவர்கள் இருந்தனர். முடிவில், போல்ட்டுகளும் இரும்புப் பட்டைகளும் துணையாகச் சேர்க்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் இசைவு தந்தனர்.

அந்த அதிகாரிகளைப் பழமைவாதிகள் என்று இகழ்ந்துவிடுவது எளிது. ஆனால், அவர்களுடைய ஐயம் நியாயமானது. ஐரோப்பாவில் கட்டடங்கள் நிற்கின்றன என்பது ஒரு செய்தி; ஏன் நிற்கின்றன, எவ்வளவு தாங்கும், எப்போது விட்டுவிடும் என்பன வேறு செய்திகள். முன்னது அனுபவம், பின்னவை அறிவு. அனுபவத்தை அறிவாக மாற்றுவதற்கு இடையில் நிற்பதுதான் பரீட்சை.

அந்தப் பரீட்சையை நடத்த அதே மாநிலத்திலேயே தகுந்த நிலையம் ஒன்று இருந்தது. மாடிசன் நகரில் 1910-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட, அமெரிக்க வேளாண்மைத் துறையின் வனப்பொருள் ஆராய்ச்சிச்சாலைதான் அது. முதல் உலகப் போரின்போது மர விமானங்களுக்கு உரிய பசைகளை ஆராய்ந்து தேர்ச்சி பெற்றிருந்தனர் அங்கிருந்த அறிஞர்கள். 1934-ஆம் ஆண்டில் அவர்கள் தம் வளாகத்திலேயே அடுக்கு மர வளைவுகளால் ஒரு கட்டடம் எழுப்பினர். அதன் நடு வளைவின் மீது சீராகச் சுமை ஏற்றி, அது எவ்வளவு தாழ்கிறது என்று அளந்து எழுதி வைத்தனர். இவ்வகை ஆராய்ச்சிகளின் முடிவுகளைத் தொகுத்து வில்சன் என்ற அறிஞர் 1939-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையே, அமெரிக்கப் பொறியாளர்களுக்கு இத்துறையில் அடிப்படை நூலாயிற்று.

முழு வளைவின் மீது சுமை ஏற்றிப் பார்ப்பது ஒரு பரீட்சை. ஆனால், ஆலையில் நாள்தோறும் செய்யும் ஒவ்வோர் உத்தரத்தையும் அவ்வாறு உடைத்துப் பார்க்க இயலுமா? இயலாது. ஆகவே, உத்தரத்தின் முனையில் மிகுதியாக விட்டு வைத்த துண்டை அறுத்து எடுத்துச் சோதிப்பது வழக்கமாயிற்று. ஒட்டிய இரு கட்டைகளைப் படி போல் செதுக்கி, ஒன்று மற்றொன்றின் மேல் வழுக்கும்படி பொறியினால் அழுத்துவர். எந்த விசையில் இணைப்பு பிளக்கிறது என்று குறித்துக்கொள்வர்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பிளந்தபின் சோதிப்பவர் பார்ப்பது விசையின் எண்ணை மட்டுமன்று. பிளந்த முகத்தையும் பார்க்கிறார். அந்த முகத்தில் மர நார்கள் பிய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால் உடைந்தது மரம். பசை வென்றது என்று பொருள். வழவழப்பாகப் பசையின் மேற்பரப்பே தெரிந்தால் பசை தோற்றது என்று பொருள். பிளந்த பரப்பில் எத்தனை விழுக்காடு மரத்தில் பிளந்தது என்று மதிப்பிட்டு எழுதுவர். நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் மரமே உடைந்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதிகளில் ஒன்று. ஏன் இந்த விதி? நல்ல பசையின் இலக்கணம் இவ்வளவு எடை தாங்குவது என்பதன்று. தான் இணைத்த மரத்தைவிடத் தான் முந்தித் தோற்காமல் இருப்பது என்பதே. மரத்தின் வலிமையை நாம் முன்பே அறிவோம். பசை அதற்கு முன் தோற்காது என்று தெரிந்தால், ஒட்டிய உத்தரத்தை ஒரே மரமாகவே கருதிக் கணக்கிடலாம்.

இத்துடன் வரலாறு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால், இந்தச் சோதனை ஒரு கேள்விக்குத்தான் விடை சொல்லும். 'இன்று, உலர்ந்த நிலையில், எவ்வளவு வலிமை?' என்பதே அக்கேள்வி. நாளைய மழையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷார் மாஸ்கிட்டோ என்ற விமானத்தை மரத்தால் செய்தனர். ஒட்டுப்பலகையும் இலேசான பால்சா மரமும் பசையினால் பிணைக்கப்பட்டு உருவானது அது. 1940-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள் முதன்முறையாகப் பறந்தது. வேகத்தில் பெரும் புகழ் பெற்றது. ஆனால், 1944-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்து இயங்கிய சில மாஸ்கிட்டோ விமானங்கள் நடுவானில் உடைந்து வீழ்ந்தன; அவற்றைப் பறக்கவிடாமல் நிறுத்திச் சோதித்தனர். நம் நாட்டுப் பருவமழையின் ஈரமும் வெயிலும் மரத்தை விரித்துச் சுருக்கியதே காரணம் என்றனர் சிலர்; ஆலையில் இணைப்புகளைச் செம்மையாகச் செய்யாததே காரணம் என்றனர் வேறு சிலர். இரண்டும் ஒரே பாடத்தைத்தான் புகட்டுகின்றன. நன்றாகச் செய்யாத ஒட்டு, வறண்ட இடத்தில் தன் குறையை மறைத்துக்கொள்ளும். ஈரமும் வெயிலும் மாறி மாறி வரும் இடத்தில் அது வெளிப்பட்டுவிடும்.

இதற்குள்ள காரணத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஈரம் பட்டால் மரம் அகல வாக்கில் உப்பும். நீள வாக்கில் அநேகமாக மாறாது. ஈர உத்தரம் உலரும்போது புறப்பகுதி முதலில் உலர்ந்து சுருங்க முயல்கிறது; உட்பகுதி இன்னும் ஈரமாக இருப்பதால் அதற்கு இடம் கொடுப்பதில்லை. இந்த இழுபறியில் பலகைகளைப் பிரித்து இழுக்கும் விசை பசைக்கோட்டின் ஓரத்தில் விழுகிறது. சுமை எதுவும் இல்லாதபோதே மரம் தன்னைத்தானே இழுத்துக்கொள்கிறது.

இந்த இழுபறியையே பரீட்சையாக மாற்றினர் அறிஞர்கள். உத்தரத்திலிருந்து அறுத்த துண்டை ஓர் இரும்புக் கலத்தில் நீருக்குள் அமிழ்த்தி, கலத்திலுள்ள காற்றை உறிஞ்சி எடுப்பர். மரத்தின் நுண்துளைகளில் உள்ள காற்றும் வெளியேறும். பிறகு, அழுத்தம் கொடுத்து நீரை மரத்துக்குள் ஏற்றுவர். நனைந்து கனத்த துண்டைச் சுமார் 65 பாகை சென்டிகிரேடு வெப்பக் காற்றில் வேகமாக உலர்த்துவர். இவ்வாறு நனைப்பதும் உலர்த்துவதும் மீண்டும் மீண்டும் நடைபெறும். முடிவில், பசைக்கோடுகளில் எங்கெங்கே வாய் திறந்திருக்கிறது என்று மெல்லிய தகட்டை நுழைத்துப் பார்த்து, திறந்த நீளத்தைக் கூட்டி, மொத்த நீளத்தில் எத்தனை விழுக்காடு என்று கணக்கிடுவர். மென்மரத்துக்கு 5 விழுக்காடு, வன்மரத்துக்கு 8 விழுக்காடு. அதற்கு மேல் திறந்தால் அந்தப் பசை வெளிப்புறக் கட்டடத்துக்கு ஏற்றதன்று என்பது அமெரிக்க விதி. பல ஆண்டுகளில் இயற்கை நடத்தும் சோதனையைச் சில நாட்களில் கடுமையாக நடத்திவிடுவது இதன் நோக்கம்.

கேசீன் இப்பரீட்சைக்கு ஈடு கொடுக்கவில்லை. நீண்ட நாள் ஈரத்தில் அதைப் பூஞ்சையும் அரித்துவிடும். 1940-களில் ரெசார்சினால் என்ற செயற்கைப் பிசின் வந்தது. சாதாரண வெப்பநிலையிலேயே இறுகி, கொதிநீரையும் பொறுக்கும் பசை அது. போர்க்காலத்தில் கப்பல்களின் மரச்சட்டங்களுக்கு அது பயன்பட்டது. போருக்குப் பின் பாலங்களுக்கும் திறந்தவெளிக் கட்டடங்களுக்கும் அடுக்கு மரம் துணிந்து சென்றது. யூரியா-பார்மால்டிஹைடு என்ற மற்றொரு பிசினும் வழக்கில் இருந்தது. அது விலை குறைந்தது, உலர்ந்த இடத்தில் வலியது. ஆனால், ஈரமும் வெப்பமும் நெடுநாள் தாக்கினால் அதன் கட்டு சிறிது சிறிதாக அவிழ்ந்துவிடும். இது அறிஞர்கள் அறிந்த செய்தியே.

அறிந்த செய்தியைப் பேணாமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கு ஒரு துயரச் சான்று உண்டு. ஜெர்மனியின் தென்கோடியில் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் பாட் ரைஹன்ஹால் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1970-களின் தொடக்கத்தில் பனிச்சறுக்கு விளையாட்டு மண்டபம் ஒன்று கட்டினர். அதன் கூரையைத் தாங்கியவை பெட்டி வடிவில் பசையிட்டு ஒட்டிய நீண்ட மர உத்தரங்கள். 2006-ஆம் ஆண்டு சனவரி 2-ஆம் நாள், பனி பொழிந்துகொண்டிருந்த பிற்பகலில், அந்தக் கூரை இடிந்து வீழ்ந்தது. 15 பேர் மாண்டனர். அவர்களில் 12 பேர் உங்களைப் போன்ற சிறுவர் சிறுமியரும் இளைஞரும்.

ஆய்வாளர்கள் இடிபாடுகளை ஆராய்ந்தனர். அன்று கூரை மேலிருந்த பனியின் சுமை, கட்டும்போது கணக்கில் கொண்ட சுமையைவிட மிகுதியன்று. குற்றம் ஒன்றன்று, பல. அந்த வகை உத்தரங்களுக்குப் பொது அனுமதி இருந்த உயரம் 1.2 மீட்டர், அங்கே அமைந்தவை அதைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்டவை. வலிமைக் கணக்கிலும் பிழை இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, உத்தரங்களை ஒட்டியது யூரியா-பார்மால்டிஹைடு பிசின். கீழே பனித்தளம், மேலே குளிர்ந்த கூரை. ஆண்டுக்கணக்கில் ஈரம் உத்தரங்களின் மேல் படிந்துகொண்டே இருந்தது. பசை மெல்ல மெல்ல வலுவிழந்தது. கட்டிய நாளில் ஒரு துண்டை உடைத்துப் பார்த்திருந்தால், மரம்தான் உடைந்திருக்கும், பசை தேறியிருக்கும். முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதே பசையைக் கேட்டவர் யாரும் இல்லை. இந்த விபத்துக்குப் பின், மக்கள் கூடும் கட்டடங்களைக் காலந்தோறும் சோதிக்க வேண்டும் என்ற எண்ணம் அந்நாட்டில் வலுப்பெற்றது. அதற்குரிய வழிகாட்டி நெறியை ஜெர்மன் பொறியாளர் சங்கம் 2010-ஆம் ஆண்டில் வெளியிட்டது.

'இக்காலத்தில் ஒலியலைக் கருவிகள் உள்ளனவே. உடைக்காமலே ஒட்டைச் சோதிக்கலாகாதா?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. பசை படாமல் விட்ட இடைவெளியை ஒலியலை காட்டிக் கொடுக்கும். ஆனால், இரு பரப்புகளும் தொட்டுக்கொண்டு, பிடிப்பு மட்டும் இல்லாமல் இருந்தால், ஒலி தங்கு தடையின்றிக் கடந்துவிடும். தொடுவது வேறு, பிணைவது வேறு. ஆகவேதான் நல்ல ஆலைகள் சோதனையோடு நில்லாமல், செய்முறை முழுவதையும் காவல் காக்கின்றன. பலகையின் ஈரம் 12 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறதா, இழைத்த முகம் புதியதா, பசை பூசியபின் காயுமுன் அழுத்தப்பட்டதா, அழுத்தம் போதுமா என்று ஒவ்வொன்றையும் குறிப்பேட்டில் எழுதுகின்றன. இறுதிப் பரீட்சை ஒன்றையே நம்பாமல், ஆண்டு முழுதும் மாணவனின் உழைப்பைக் கவனிக்கும் ஆசிரியரின் முறை இது.

மாடிசன் நகரக் கட்டடத்தை மறந்துவிடவில்லை. 1934-இல் எழுந்த அது 2010-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றது. அதன் வளைவுகளைக் கழற்றிப் பரிசோதனைச்சாலைக்குள் கொண்டு வந்து, மீண்டும் சுமை ஏற்றினர். முன்னோர் எழுதி வைத்த அளவுகளோடு புதிய அளவுகளை ஒப்பிட்டனர். 76 ஆண்டுகளில் அந்த வளைவுகள் இழந்த உறுதி சிறிதே என்று கண்டனர். அக்காலப் பசைதான், ஆனால், உலர்ந்த கூரையின் கீழ், அதற்கு ஏற்ற இடத்தில், கவனத்தோடு செய்யப்பட்டது. ஒரு தலைமுறை அளந்து எழுதி வைத்ததனாலேயே, அடுத்தடுத்த தலைமுறைகள் அதனை ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

அதே விஸ்கான்சின் மாநிலத்தில், மில்வாக்கி நகரில், 2022-ஆம் ஆண்டில் 25 மாடிக் கட்டடம் ஒன்று திறக்கப்பட்டது. கீழ்த்தளங்கள் கான்கிரீட்டால் ஆனவை. அவற்றின் மேல் 19 தளங்கள் பசையிட்ட மரத்தால் ஆனவை. 86.6 மீட்டர் உயரத்தோடு, திறக்கப்பட்டபோது உலகிலேயே மிக உயர்ந்த மரக் கட்டடமாக அது விளங்கியது. அதன் தூண்கள் தீயை எவ்வளவு நேரம் தாங்கும் என்று சோதித்துச் சொன்னதும் மாடிசன் ஆராய்ச்சிச்சாலையே. ஒரு பள்ளிக்கூடக் கூரைக்கு இசைவு தரத் தயங்கிய மாநிலத்தில் இத்தகைய கோபுரம் எழுவதற்கு இடைப்பட்ட காலம் 88 ஆண்டுகள். அந்த ஐயத்தை அதட்டி அடக்கியிருந்தால் இக்கோபுரம் எழுந்திராது. ஐயத்துக்கு விடை தேடியதனால் எழுந்தது.

மாணவர்களே! ஒரு பொருள் உறுதியானதா என்று கேட்கும்போது, எந்த நிலையில், எத்தனை காலத்துக்கு என்பவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். பெஷ்டிகோவின் கூரைக்கும் பாட் ரைஹன்ஹாலின் கூரைக்கும் கீழே இருந்தவர்கள் பிள்ளைகள்தாம். முன்னதைக் கட்டுமுன் கேள்வி கேட்டனர். பின்னதைக் கட்டியபின் கேள்வி கேட்பதை விட்டுவிட்டனர். நாளைக்கு உங்களில் பொறியாளர் ஆகிறவர்கள் இருப்பீர்கள். அதிகாரிகள் ஆகிறவர்களும் இருப்பீர்கள். ஒரு கட்டடத் திட்டம் உங்கள் மேசைக்கு வரும் நாளில் இந்த இரு கூரைகளையும் நினைவிற் கொண்டு, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்ட பின்னரே கையெழுத்திடுங்கள்.